அந்தச் சோதனைக்கு ஏன் அஞ்சுகிறோம்?

ஆவடிக்கு அருகே நான் பணியாற்றும் கல்லூரியில் ஆண்டுதோறும் குருதிக்கொடை முகாம் நடைபெறும். அண்மையில் நடந்த ஒரு முகாமில், வரிசையில் நின்றிருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் என்னருகே வந்தான். தாழ்ந்த குரலில், "சார், நாம கொடுக்கிற ரத்தத்துல எச்.ஐ.வி. டெஸ்டும் பண்ணுவாங்களாமே, உண்மையா?" என்று கேட்டான். "ஆமாம், கட்டாயம் பண்ணுவாங்க. அதுதானே முறை!" என்றேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "லேசா தலைவலி சார்" என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டான்.

அவனுக்கு அந்தத் தொற்று இருக்கும் என்று நான் எண்ணவில்லை. அவனும் எண்ணியிருக்க மாட்டான். ஊசிக்குப் பயந்தவனும் அல்லன். பின் எதற்கு அஞ்சினான்?

அம்பத்தூரிலிருந்து ஆவடி செல்லும் பேருந்தில் ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். "எனக்குச் சர்க்கரை முந்நூறு" என்று ஒருவர் உரக்கச் சொல்வார். "எனக்கு அழுத்தம் நூற்று அறுபது" என்று மற்றொருவர் போட்டிக்கு வருவார். ஆனால் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டேன் என்று எவரேனும் உரத்துச் சொல்லக் கேட்டதுண்டா? "தொற்று இல்லை" என்று முடிவு வந்தவர்கூடச் சொல்வதில்லை. அதே கை, அதே ஊசி, அதே குருதி. ஆயினும் ஒரு சோதனைக்குக் குரல் உயர்கிறது, மற்றொன்றுக்குத் தாழ்கிறது. இதற்குக் காரணம் என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சோதனை எதைக் காண்கிறது?

முதலில் அந்தச் சோதனையையே புரிந்துகொள்வோம். எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். நம் உடலின் பாதுகாப்புப் படையான வெள்ளை அணுக்களில் சி.டி.4 எனப்படும் ஒரு வகையைத் தாக்கி, அவற்றின் எண்ணிக்கையைச் சிறுகச் சிறுகக் குறைப்பது. மருந்து எடுத்துக்கொள்ளாமல் பல ஆண்டுகள் கழிந்த பின், உடல் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத நிலை வரும். அந்த இறுதி நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். ஆகவே எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் எல்லாரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர்.

பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள குருதி, பலர் பயன்படுத்திய ஊசி, தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு என நான்கு வழிகளில் இது பரவுகிறது. தொட்டால் பரவாது, ஒரே தட்டில் உண்டால் பரவாது, கொசு கடித்தாலும் பரவாது.

வைரஸ் நுழைந்ததும் உடல் அதற்கெதிராகச் சில புரதங்களை உண்டாக்குகிறது. இவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். பெரும்பாலான சோதனைகள் தேடுவது இவற்றைத்தான். எலிசா எனப்படும் முறையில், சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். குருதியிலிருந்து பிரித்த சீரத்தை அக்குழியில் விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அது பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் நொதி ஒன்றின் வேலையால் குழியில் நிறம் தோன்றும். இன்று சில துளிக் குருதியைக் கொண்டு அரை மணி நேரத்திற்குள் முடிவு சொல்லும் விரைவுச் சோதனைகளும் வந்துவிட்டன.

எதிர்ப்பொருள் தோன்றச் சில வாரங்கள் ஆகும். சிலருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகலாம். இந்த இடைக்காலத்தில் தொற்று இருந்தும் சோதனை 'இல்லை' என்று சொல்லக்கூடும். ஆகையால், தனக்குத் தொற்று உள்ளதா என அறிவதற்காக ஒருவர் குருதிக்கொடை முகாமுக்குச் செல்வது தவறு. அந்த இடைக்காலக் குருதி மற்றொருவர் உடலில் ஏறிவிடலாம் அல்லவா?

காட்பாடிக்குச் சென்ற பெட்டி

இந்தியாவில் இந்தச் சோதனையின் கதை நம் சென்னையில்தான் தொடங்குகிறது. 1981இல் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் கண்டறியப்பட்டது. 1985இல் சோதனை வந்தது. நம் நாட்டிலோ, 'இது மேலைநாட்டு நோய். நம்மிடம் வராது' என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதையே ஆய்வுப் பொருளாகக் கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பலர் அப்போது சென்னையில் அரசுக் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்தனர். நிர்மலா அங்கே சென்று குருதி மாதிரிகளைச் சேகரித்தார். சுமார் மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சென்னையில் சோதிக்க வசதியில்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கி, கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடி சென்றார். அங்கிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. ஆறு குழிகளில் மஞ்சள் நிறம் தோன்றியது. மீண்டும் குருதி எடுத்து அமெரிக்காவிலும் சோதித்தனர். முடிவு உறுதியாயிற்று. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது இப்படித்தான். இந்திய மருத்துவ வரலாற்றில் இது ஒரு துணிவான பணி, ஐயமில்லை.

ஆனால், எதற்காகக் குருதி எடுக்கிறோம் என்பது அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை. இதை நிர்மலாவே பிற்காலத்தில் மறைக்காமல் கூறியிருக்கிறார். அக்காலத்தில் அது தவறாகக் கருதப்படவுமில்லை. எனினும் அதன் விளைவைப் பாருங்கள். அந்த ஆறு முடிவுகளால் நாடு பயன் பெற்றது. அப்பெண்களுக்குக் கொடுப்பதற்கு அன்று மருந்து ஏதும் இல்லை. 'எச்.ஐ.வி. என்பது இன்னாருக்குத்தான் வரும்' என்ற முத்திரை மட்டும் ஊரார் மனத்தில் பதிந்துபோயிற்று.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோவாவில் நடந்ததையும் கேளுங்கள். டோமினிக் டிசோசா என்ற இளைஞர் தவறாமல் குருதிக்கொடை அளித்து வந்தவர். 1989இல் அவருடைய குருதியில் தொற்று தென்பட்டது. போலீசார் அவரை அழைத்துச் சென்று, பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் தனியே அடைத்தனர். 64 நாள்கள்! கோவாவில் அப்போதிருந்த சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. ஏன் அடைக்கிறார்கள் என்பதுகூட முதலில் அவருக்குத் தெரியவில்லை. விடுதலையான பின் இக்கொடுமையை எதிர்த்துப் பணியாற்றி 1992இல் மறைந்தார்.

இப்போது சொல்லுங்கள். சோதனை செய்துகொண்டால் மருந்து இல்லை, அடைத்து வைப்பார்கள், வேலை போகும், வீட்டில் தனித் தட்டு வைப்பார்கள். இந்நிலையில் ஒருவர் சோதனைக்கு வர மறுத்தால் அவரை அறியாமை மிக்கவர் என்று சொல்ல முடியுமா? அவர் கணக்குப் போட்டுத்தான் மறுத்தார். அந்நாளில் அந்தக் கணக்கு தவறானதும் அன்று.

ஊளையிடும் ஒலிபெருக்கி

திருமண மண்டபத்தில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒலிபெருக்கியின் ஒலி மைக்கில் நுழைந்து, மேலும் பெருகி வெளிவந்து, மீண்டும் நுழைந்து, காதைப் பிளக்கும் ஊளையாகிவிடும். தொடக்கத்தில் இருந்தது சிறு ஒலிதான். சுற்றிச் சுற்றி வந்ததால் அது பெரிதாயிற்று.

அச்சமும் இப்படியே வளர்கிறது. அஞ்சுவதால் மக்கள் சோதனைக்குத் தாமதமாக வருகிறார்கள். தாமதமாக வருவதால் உடல் மிக நலிந்த நிலையில் வருகிறார்கள். அதனால் இறக்கிறார்கள். அந்த இறப்பைப் பார்த்து அண்டை வீட்டார் மேலும் அஞ்சுகிறார்கள்.

இது எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியதன்று. நம் பகுதிக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஆவடியில் மத்திய ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் கள ஆய்வுப் பிரிவு ஒன்று இருந்தது. தொழுநோயிலும் இதே சுழற்சிதான். உணர்ச்சியற்ற தேமலை மறைத்தார்கள், சிகிச்சை தாமதமாயிற்று, விரல்கள் மடங்கின, அந்த விரல்களைக் கண்டு ஊர் அஞ்சியது. தொழுநோயை முற்றிலும் குணமாக்கும் கூட்டு மருந்துகள் 1980களிலேயே வந்துவிட்டன. ஆனால் தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற விதி நம் சட்டங்களிலிருந்து நீங்கியது 2019இல்தான். மருந்து முன்னே சென்றது, மனம் பின்தங்கியது.

அந்த ஆவடிப் பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999இல் இணைந்து தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உருவானது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இன்று இருப்பது அதுதான். எச்.ஐ.வி. எந்த அளவு பரவியுள்ளது என்று கண்காணிக்கும் நாடு தழுவிய பணியில் இந்நிறுவனத்திற்கும் பங்கு உண்டு. அத்தகைய கண்காணிப்பில், பெயரை நீக்கிவிட்டு மாதிரியை மட்டும் சோதிக்கும் முறை பல ஆண்டுகள் கையாளப்பட்டது. ஊரின் நிலை தெரியவேண்டும். ஆனால் ஆள் யார் என்பது தெரியக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஒரு சோதனை போதுமா?

மக்களின் அச்சத்துக்கு மற்றொரு காரணம், 'முடிவு தவறாக வந்துவிட்டால்?' என்ற ஐயம். இது நியாயமான ஐயமே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குத் தொற்று உள்ளது. ஆகவே 10,000 பேரைச் சோதித்தால் தொற்றுள்ளவர் 20 பேர் இருக்கலாம். அவர்கள் அனைவரையும் சோதனை சரியாகக் காட்டுவதாகக் கொள்வோம். தொற்றில்லாத 9,980 பேரில், ஆயிரத்துக்கு ஐவருக்கு மட்டும் அது தவறாக 'உண்டு' என்று காட்டுவதாகவும் கொள்வோம். மிக நல்ல சோதனைதானே? ஆனால் தவறான முடிவு பெறுவோர் ஏறத்தாழ 50 பேர்! 'உண்டு' என்று முடிவு பெற்ற 70 பேரில் உண்மையில் தொற்றுள்ளவர் 20 பேரே. வியப்பாக இல்லையா?

அதனால்தான் ஒரே சோதனையைக் கொண்டு எவரையும் தொற்றுள்ளவர் என்று அறிவிப்பதில்லை. வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளைச் செய்து, மூன்றிலும் 'உண்டு' என வந்தால்தான் உறுதி செய்வார்கள். இரண்டாவது சோதனைக்குப் பின், அந்த 50 பேரில் தவறாக எஞ்சுவோர் சராசரியாகக் கால் ஆள்! மூன்றாவதற்குப் பின் அதுவும் ஏறத்தாழ மறைந்துவிடும். 'வெவ்வேறு வகையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். சுழிப் பிழையுள்ள ஒரே வெர்னியர் அளவியால் பத்து முறை அளந்தாலும் பிழை போகாது என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான்.

முதலில் தெரிந்தவரா, முதலில் பெற்றவரா?

கருவுற்ற தாய்மார்கள் அனைவருக்கும் இந்தச் சோதனை செய்ய முன்வருகிறார்கள். இதன் பயன் பெரிது. தாய்க்கு மருந்து தராவிட்டால் குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. உரிய காலத்தில் மருந்து தந்தால் 5க்கும் கீழே போய்விடும். எல்லாருக்கும் செய்வதால், 'இவளுக்கு மட்டும் ஏன்?' என்ற பேச்சும் எழுவதில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் முதலில் சோதிக்கப்படுபவள் மனைவி. கணவன் சோதிக்கப்படுவதோ பிறகுதான். சில வீடுகளில் அதுவும் இல்லை. ஆகவே, 'இவளுக்குத்தான் முதலில் வந்தது. இவளால்தான் அவனுக்கு வந்தது' என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த வாதத்தின் பிழை உங்களுக்குத் தெரிகிறதா? முதலில் கண்டறியப்பட்டவர் முதலில் தொற்றைப் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. மின்னல் முதலில் தெரிகிறது. இடி பின்னால் கேட்கிறது. ஆனால் இரண்டும் ஒரே கணத்தில் தோன்றியவை. நாம் அறிந்த வரிசை வேறு, நிகழ்ந்த வரிசை வேறு. இவ்வளவு எளிய தருக்கம் தவறியதால் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பெண்கள் நம் நாட்டில் உண்டு.

எவை மாறின?

1996 வாக்கில், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கி வைக்கலாம் என்பது நிறுவப்பட்டது. முதலில் அதற்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்து உலகையே வியக்கவைத்தது. 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் காசநோய் மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் இலவசமாயின. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்கப்படுகிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொள்பவர், தொற்றில்லாதவரைப் போலவே ஏறத்தாழ முழு ஆயுள் வாழலாம். அவர் குருதியில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அவரிடமிருந்து தொற்று பரவுவதும் இல்லை.

சட்டமும் மாறியது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறாமல் ஒருவரைச் சோதிக்கக் கூடாது. குருதிக்கொடை போன்ற சிலவே இதற்கு விலக்கு. முடிவைப் பிறரிடம் வெளியிடக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையோ, பள்ளியில் இடமோ, சிகிச்சையோ மறுக்கக் கூடாது. காப்பகத்துப் பெண்களிடம் 1986இல் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும் என்று இன்று சட்டம் சொல்கிறது.

ஆகவே பழைய கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. அன்று சோதனையால் இழப்பே மிகுதி. இன்று சோதிக்காமல் இருப்பதால்தான் இழப்பு.

அப்படியானால் அச்சம் போய்விட்டதா? இல்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றே மாதங்களில், 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டத்தில் ஒரு துயரம் நிகழ்ந்தது. கருவுற்ற பெண் ஒருவருக்கு ஏற்றப்பட்ட குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. அது எப்படி வெளிப்பட்டது தெரியுமா? குருதி கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், தம் குருதியை யாருக்கும் ஏற்றிவிடக்கூடாதே என்று தாமே ஓடிச்சென்று தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. செய்தி நாடெங்கும் பரவியது. அந்த இளைஞர் சில நாள்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த மாதம் அப்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. மருந்தின் உதவியால் குழந்தைக்குத் தொற்று இல்லை.

குழந்தையைக் காக்கும் மருந்து நம்மிடம் இருந்தது. அந்த இளைஞரையும் பல்லாண்டு வாழவைக்கும் மருந்து அதே மருத்துவமனைகளில் இலவசமாகவே இருந்தது. அவர் செய்தது நேர்மையான செயல். "தம்பி, நீ செய்தது சரி, பயப்படாதே" என்று சொல்லிப் பக்கத்தில் இருக்கும் குரல்தான் அவருக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைக் கண்டிருப்பீர்கள். அங்கே சோதனை இலவசம். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உங்களோடு தனியே பேசுவார். ஆனால் பூந்தமல்லிக்காரர் தம் ஊர் மையத்தை விட்டுவிட்டு, தெரிந்தவர் கண்ணில் படாத வேறோர் ஊருக்குப் பேருந்து ஏறிப் போவதும் உண்டு. அவரைத் தடுப்பது ஊசியன்று. வாசலில் நிற்கும் நம் கண்கள். தொழிற்பேட்டைகளும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும் நிறைந்த பகுதி நம்முடையது. 'இன்ன வேலை செய்பவருக்குத்தான் வரும்' என்று நாம் ஒரு சொல் சொன்னால், அந்த வேலை செய்பவர் எவரும் மையத்தின் வாசலை மிதிக்க மாட்டார்.

ஆகவே யாருக்கேனும் சோதனை செய்ததாக அறிந்தால் காரணம் கேட்காதீர்கள். ஒருவருடைய முடிவு உங்கள் காதில் விழுந்தால் அது உங்களோடு நிற்கட்டும். ஐயம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்; பெயர் சொல்லத் தேவையில்லை. மனம் தாங்காத துயரம் எவருக்கேனும் வந்தால் 14416 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது.

வரிசையிலிருந்து விலகிய மாணவனைச் சில நாள்கள் கழித்து ஆய்வுக்கூடத்தில் சந்தித்தேன். முகாமைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. மேலே எழுதிய 10,000 பேர் கணக்கைக் கரும்பலகையில் எல்லாருக்குமாகப் போட்டுக் காட்டினேன். வகுப்பு முடிந்ததும் அவன் வந்து, "இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். அப்புறம்... யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்கதானே?" என்றான்.

முதல் பகுதிக்கு அறிவியல் விடை கூறிவிட்டது. இரண்டாம் பகுதிக்குச் சட்டம் ஒரு விடை கூறியிருக்கிறது. ஆனால் அது மெய்யாவதும் பொய்யாவதும் அவன் தெருவில் வாழும் நம் கையில் அல்லவா இருக்கிறது?